கூட வந்தவர்

கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் எளிதில் எரிச்சல் அடைந்தீர்களா என்று அந்தத் தாள் கேட்டது. பக்கத்தில் கட்டங்கள். ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். செண்பகவல்லி டீச்சர் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தினமும் என்று போட்டால் நோய் ஏறிவிட்டது என்பார்கள். ஒருபோதும் இல்லை என்று போட்டால் மறைக்கிறாள் என்பார்கள், மறைப்பதும் நோயில் ஒரு பகுதிதான் என்று போன தடவையே சொல்லியாயிற்று. நடுவில் இருக்கிற இரண்டில் ஒன்றைப் போடலாமென்றால் எரிச்சலை நாள் கணக்கில் எப்படிச் சொல்வது, எந்த மனுஷி ராத்திரி படுக்கும்போது இன்றைக்கு எரிச்சல் உண்டு என்று காலண்டரில் குறித்து வைக்கிறாள். இந்தக் கேள்விகளை எழுதியவன் புருஷன், பிள்ளை, தண்ணீர் வராத குழாய், பக்கத்துத் தெரு மைக்செட் எதுவும் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருப்பான் போல. இதோ, இந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கிறது, இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? தாளைக் கொடுத்த நர்ஸ் பெண் மேஜைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முடிச்சிட்டீங்களாம்மா என்று அது கேட்க, முடிக்கிறேம்மா என்று இவள் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் கூடிவிட்டதோ என்று உடனே குறைத்துக்கொண்டாள். பக்கத்தில் குருநாதன், அவள் வீட்டுக்காரர், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, டென்ஷன் ஆகாம எழுது என்றார். அவள் டென்ஷன் ஆகாமல்தான் இருந்தாள், அவர் அதைச் சொல்கிறவரைக்கும்.

இன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். மருந்தைக் குறைக்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பத்தாம் வகுப்பு அறிவியல் அவள் கையில் இருக்குமா, போய்விடுமா என்பது இந்த மருந்துச் சீட்டில்தான் இருக்கிறது. கை இப்படியே நடுங்கி, கண் இப்படியே சொருகிக்கொண்டிருந்தால் போய்விடும். லைப்ரரியைப் பாத்துக்கிறீங்களா டீச்சர் என்று பள்ளிக்கூடத்துக் கரெஸ்பாண்டென்ட் ஏற்கெனவே கேட்டுவிட்டார், அழுகிற குழந்தைக்கு மிட்டாய் நீட்டுகிற குரலில். லைப்ரரி என்பது மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கிற ஒரு பீரோ. அதன் சாவியையும் ஹெட்மிஸ்ட்ரஸ்தான் வைத்திருக்கிறார். பூட்டின பீரோவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பக்கத்து அறையில் வேறு யாரோ இதயத்தின் நான்கு அறைகளைத் தப்புத்தப்பாக நடத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. இந்த அடைப்பைச் சொல்லலாமா, வேண்டாம், படபடப்பு என்று எழுதிக்கொள்வார்கள். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. பகலில் தூக்கமாக வருகிறது டாக்டர் என்றாள். தூக்கம் என்றால் சோர்வு, சோர்வு என்றால் மனச்சோர்வு, மனச்சோர்வு என்றால் அதற்கென்று தனியாக இன்னொரு மாத்திரை. குறைக்கச் சொல்லிப் போனவள் கூடுதலாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். கடையில் கறுத்துப்போன தக்காளியை மாற்றித் தரச் சொன்னால் இன்னும் ரெண்டை எடைக்குப் போட்டுக் கட்டிக் கொடுத்தது மாதிரி. ஆகையால் இன்றைக்குப் பேச வேண்டியதை வீட்டிலேயே பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். வேகமாகப் பேசக் கூடாது, வேகமாகப் பேசினால் மனம் ஓடுகிறது என்பார்கள். மெதுவாகவும் பேசக் கூடாது, மெதுவாகப் பேசினால் மனம் படுத்துவிட்டது என்பார்கள். டாக்டரின் கண்ணைப் பார்க்க வேண்டும், முறைக்கக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பிசையக் கூடாது. பிள்ளைகளுக்கு செய்முறைத் தேர்வுக்கு முன்னால் சொல்லிக் கொடுப்பது மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், எக்ஸ்டர்னல் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சும்மா உளறி வைக்காதே.

உளறுவதற்கு நேரம் எங்கே தருகிறார்கள். இங்கே வழக்கம் அப்படி. டோக்கன் கூப்பிட்டதும் முதலில் கூட வந்தவர் மட்டும் உள்ளே போக வேண்டும். குருநாதன் போவார், கதவு மூடும், அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், நல்ல நீளமாகவே சொல்வார், ஈ.பி. ஆபீசில் நாளெல்லாம் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் இங்கேதான் செலவழிப்பார். அப்புறம் இவளைக் கூப்பிடுவார்கள். இவள் ஸ்டூலில் உட்காரும்போது தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். பெரிய டாக்டர் நல்லவர்தான், தங்கமான மனிதர், ஆனால் அவர் பேஷண்டிடம் கேட்பதற்கென்று ரெண்டே கேள்விதான் வைத்திருந்தார், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. லாட்ஜில் தங்கினவனைக்கூட இதைவிட அதிகமாக விசாரிப்பார்கள். இன்றைக்குப் பெரிய டாக்டர் இல்லை, மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருக்கிறாராம், சின்ன டாக்டர் ஒருத்தர் போன மாதத்திலிருந்து பார்க்கிறார் என்று நர்ஸ் சொன்னபோது குருநாதனுக்கு முகம் சுருங்கியது. இவளுக்கு மனசு குளிர்ந்தது. புது ஆள். வீட்டுக்காரர் சொன்னதை இன்னும் கேட்காத ஆள். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு டாக்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், அதில் முதலில் எழுதுகிறவர் யார் என்பதுதான் கேள்வி, அதுவும் குருநாதன்தான் எழுதப்போகிறார், ஏனென்றால் இவர்தான் கூட வந்தவர். ஏங்க, இன்னைக்கு நான் முதல்ல போறேனே என்று கேட்டுப் பார்க்கலாமா? எதுக்கு என்பார். அந்த எதுக்குக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் குரல் உயரும், குரல் உயர்ந்தால் சுற்றியிருக்கிறவர்கள் திரும்புவார்கள், அவர் அவள் முழங்கையைத் தொட்டு, சரி சரி, அமைதி, என்பார். அந்த அமைதி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் எதிரில் வந்தால் நாலு வார்த்தை கேட்பாள்.

எதிர் வரிசையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டியில் இவள் தெருவுக்கு அடுத்த தெரு, பாத்திரக்கடைக்காரர் சம்சாரம். கோவில்பட்டியிலேயே டாக்டர் இல்லாமலில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் பஸ் ஏறித் திருநெல்வேலி வருவது, அவர்களும் அதே காரணத்துக்காக அதே மாதிரி பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். கண்ணும் கண்ணும் பார்த்தாகிவிட்டது, இனிமேல் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. தலைவலி டீச்சர், கீழே ஸ்கேன் எடுக்க வந்தோம், இங்க காத்தாட உக்காந்தோம் என்றாள் ஆவுடையம்மாள். நானும் இவருக்குத் துணைக்கு வந்தேன் என்றாள் செண்பகவல்லி. இவர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மாடியில் காற்று ஒரு பொட்டு இல்லை, மே மாதத்து வெக்கை, ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு பேர் கையிலும் அதே தாள், அதே கட்டங்கள். ஆவுடையம்மாள் தன்னுடையதை முந்தானைக்குள் தள்ளினாள். பாவம், அவளுக்கு என்னவோ. கேட்கவும் முடியாது. சர்க்கரைக்கு வந்திருந்தால் இந்நேரம் பாகற்காய் ஜூஸ்வரைக்கும் பேசியிருப்பார்கள்.

அவளுடைய கடையில்தான் செண்பகவல்லி அந்தக் குக்கர்களை வாங்கினாள். அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே அது வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற அத்தனை டீச்சருக்கும், ஆயாவுக்கும், வாட்ச்மேனுக்கும் ஆளுக்கொரு பிரஷர் குக்கர். அன்றைக்கு அதைவிட நியாயமான காரியம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது, எல்லாரும் சீக்கிரம் சமைத்து முடித்தால் எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் படித்தால் எல்லாம் சரியாகிவிடும், இவ்வளவு எளிதான விஷயம் ஏன் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. தூக்கம் தேவைப்படவில்லை. பசி தேவைப்படவில்லை. திருத்திய விடைத்தாள்களை மறுபடி எடுத்து எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டாள், பிள்ளைகள் எழுதாத இடத்தில்கூட அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஏறப்போகிறவர்களை நிறுத்தி ரத்த ஓட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைக் குருநாதன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் அழுதார். நோய்தான் அது. அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை, அறிவியல் டீச்சர், மூளையும் ஒரு உறுப்புதான், ஈரலுக்கு வருகிறது, இதற்கும் வரும். பெரிய டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இல்லை, அப்பாடா என்றிருந்தது. பெயர் இருக்கிறதென்றால் இதற்கு முன்னால் வேறு யாருக்கோ வந்திருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையை அவள் தன் கையாலேயே எடுத்துப் போடுகிறாள், ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை தவிர ஒரு நாள் தவறியதில்லை, யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த மாத்திரை இல்லாமல் தான் எங்கே போய் நிற்போம் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும். ஆனால் குக்கரை ஆட்டோவில் அடுக்கி ஏற்றினபோது பாத்திரக்கடைக்காரருக்கு அது நோயாகத் தெரியவில்லை. அப்புறம்தான் தெருவெல்லாம், எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெயர் வந்ததில்தான் எல்லாம் போயிற்று. நோய்க்கு வைத்த பெயரை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவள் கோபக்காரி, அவ்வளவுதான், எல்லாருக்கும் தெரியும், மார்க் குறைந்தால் அவள் முன்னால் நிற்கப் பயப்படுவார்கள், குருநாதனே பயப்படுவார். இப்போது அந்தக் கோபம் அவளுடையது இல்லை. குழாயைத் திறந்துபோட்டு டேங்க் வற்றிவிட்டதே என்று கத்தினால், மாத்திரை போட்டியா. கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளிடம் கேட்காமல் மொய் எழுதியது எதற்கு என்றால், மாத்திரை போட்டியா. கோயம்புத்தூரில் படிக்கிற மகன் போன் எடுத்தால் அம்மா என்பதற்கு முன்னால் அதுதான். டேங்க் வற்றியது வற்றியதுதானே, அதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம். மாத்திரை போட்டால் டேங்க் நிறையுமா. அவள் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் சொன்னதைக் கேட்கிறவர்கள் இல்லை, சொன்ன விதத்தைத்தான் பார்க்கிறார்கள், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவள் வார்த்தையைத் தொட்டுச் சூடு பார்க்கிறார்கள். அதில் பயங்கரம் என்னவென்றால் இப்போது அவளே அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கோபம் வந்தால் கோபப்படுவதற்கு முன்னால், இது நானா, அதுவா என்று யோசிக்கிறாள். யோசித்து முடிப்பதற்குள் கோபப்பட வேண்டிய ஆள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறார். மார்ச் மாதம் கரும்பலகையில் இதயம் வரைந்தபோது கோடு நடுங்கிக்கொண்டே இறங்கியது, பின் பெஞ்சில் ஒரு பிள்ளை, டீச்சர் ஹார்ட்டுக்கு குளிருது என்று சொல்லி வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பெல் அடித்தபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது, பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், குளிருது என்று சொன்ன பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அந்தத் தூக்கம் மாத்திரையா, அல்லது நோயே வேறு உருவம் எடுத்து வருகிறதா? அவள் மாத்திரை என்கிறாள். ஆனால் அவள் சொல்வதை அவளே எப்படி நம்புவது, குக்கர் வாங்கியவளும் இதே நிச்சயத்தோடுதானே வாங்கினாள். இந்த இடத்தில் வந்து மனசு தட்டி நின்றுவிடும். எத்தனை தடவை சுற்றி வந்தாலும் இந்த இடத்தில்தான் நிற்கும். எரிச்சல் என்ற கேள்விக்கு எதிரே அவள் சில நாட்கள் என்று போட்டாள். பொய்தான், மானத்தோடு சொல்லக்கூடிய பொய்.

அப்போதுதான் குருநாதனுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. உள்ளே டவர் கிடைக்கவில்லை, ஹலோ ஹலோ என்று கத்தினார், அவர் கத்தினால் அது டவர் கோளாறு. கீழே போயிட்டு வாரேன், டோக்கன் கூப்பிட்டா இருக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் பெண் தலையைத் தூக்காமலே, செண்பகவல்லி, கூட வந்தவங்க வாங்க என்றது. இருக்கச் சொல்லலாம். சொல்லியிருப்பாள். ஆனால் கால் எழுந்துவிட்டது. முழங்கால் கட்டை மாதிரி விறைத்திருந்தது, அதை இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். டாக்டர் மேஜைக்குப் பக்கவாட்டில் பேஷண்ட் உட்காருகிற ஸ்டூல் இருந்தது. எதிரே குஷன் வைத்த நாற்காலி, குருநாதன் உட்காருகிற நாற்காலி. அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு ஸ்டூலுக்குப் போக முழங்கால் கேட்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சின்ன டாக்டர் நிஜமாகவே சின்னப் பையன். அவளிடம் படித்துப்போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார், இஸ்திரி போட்ட காட்டன் புடவையைப் பார்த்தார், வணக்கம்மா என்றார். இந்த அறையில் அவளுக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை. பேஷண்டைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா, இல்ல மருந்துக்கு மட்டும் வந்தீங்களா என்று கேட்டார். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு, வந்திருக்காங்க என்றாள். அது பொய்யில்லை. நீங்க அவங்களுக்கு அக்காவா என்றார். கூடவே இருக்கிறவ என்றாள். அதுவும் பொய்யில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“போன வாரம் உங்க வீட்லருந்து ஒரு சார், பெரிய டாக்டர்னு நினைச்சு போன் பண்ணாரு. காலையில காபியில கலந்து குடுக்குற சொட்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டிக்கலாமான்னு கேட்டாரு. நேர்ல வாங்கன்னு சொன்னேன். கலக்குறது அவங்களுக்கு இன்னும் தெரியாதுல்ல?”

காபி. நோய் வந்து தெளிந்த நாளிலிருந்து காலைக் காபி குருநாதன்தான். அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர் விடிந்ததும் பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, டபராவில் நுரை பொங்க ஆற்றி, கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். நோய் எதைக் கெடுத்தாலும் இதைக் கொடுத்ததே என்று அவள் நினைத்திருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள், பிற டீச்சர்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். குடித்து முடிக்கிறவரைக்கும் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லையே, எவ்வளவு பெரிய முட்டாள், சர்க்கரையை ஒரு ஸ்பூன் கூடப் போடுவார், அதைப் பிரியம் என்று நினைத்துக் குடித்தாளே. வாயைத் திறந்தால் இந்தக் கட்டடமே கேட்கும். கத்தினால் நோய். அழலாம் என்றால் அழுகை இன்னொரு நோய், அதற்குத் தனி மாத்திரை. சிரிப்பும் வந்தது, நிஜமாகவே வந்தது, சிரித்தால் நேரே அட்மிஷன்தான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் ஒட்டுதல் இல்லை என்று எழுதுவார்கள். ஒரு மனுஷிக்கு இவ்வளவு பெரிய துரோகம் தெரியவரும்போது அதற்கு அவள் என்னதான் செய்யலாம், எந்தக் கட்டம்தான் மிச்சம் இருக்கிறது? மேஜைமேல் டாக்டரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. கையை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இன்னைக்கு வரைக்கும் தெரியாது,” என்றாள்.

மாத்திரையைத் துப்பிடுறாங்க, அதனாலதான் கலக்குறோம்னு அந்த சார் சொன்னாரே என்றார் டாக்டர். இல்லை, ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை சிங்க்கில் போட்டாங்க, அவர் அதைப் பார்த்துட்டாரு, அதுக்கப்புறம் ஒரு நாளும் விட்டதில்லை என்றாள். நிச்சயமாகத் தெரியுமா என்றார். பக்கத்துலயே இருந்து பாக்குறேன் டாக்டர் என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார், ஒவ்வொன்றாகக் கேட்டார், கேட்டுவிட்டுப் பதில் முடிகிறவரைக்கும் நிறுத்தினார். கை நடுக்கம் எப்போதிலிருந்து, நடை எப்படி, முழங்கால் விறைக்கிறதா, எச்சில் வழிகிறதா, காபி குடித்து எவ்வளவு நேரத்தில் கண் சொருகுகிறது. அவள் சொன்னாள். கரும்பலகையைச் சொன்னாள், தூங்கிப்போனதைச் சொன்னாள், பெல் அடித்ததைச் சொன்னாள், வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல், பாடம் நடத்துகிற குரலில். தன்னைப் பற்றி அவங்க அவங்க என்று சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த அவங்கமேல் பரிதாபமாக இருந்தது, இவ்வளவு கஷ்டமா பட்டாள் அந்தப் பொம்பிளை. கோபம் வருதா என்றார். வருது டாக்டர், நியாயமான விஷயத்துக்கு வருது என்றாள். டாக்டர் அதற்குச் சிரித்தார். வராட்டாத்தான் நான் கவலைப்படணும் என்றார். இத்தனை நாள் அவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது, அக்காவுக்குக் கிடைத்தது.

நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா என்றபடி அவர் எழுத ஆரம்பித்தார். சொட்டும் மாத்திரையும் ஒரே வேலையைச் செய்கிற மருந்து, ஒன்று போகாது என்றுதான் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது, அப்புறம் கை நடுங்காமல் என்ன செய்யும், அதைப் பார்த்துச் சோர்வு என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். சொட்டு இன்றோடு நிறுத்தம். போன தடவை சேர்த்ததும் நிறுத்தம். ராத்திரி மாத்திரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது, அதை அவங்ககிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். சொல்ல வேண்டாம் டாக்டர், அது எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும் என்றாள். சீட்டைக் கிழித்து நீட்டப் போனவர், அவங்களை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க, பாத்துட்டு அனுப்பிடுறேன் என்றார்.

கையை நீட்டினால் சீட்டு அவளுடையது. வாங்கிக்கொண்டு வெளியே போய், இதோ கூட்டிட்டு வாரேன் என்று அப்படியே படியிறங்கிப் போய்விடலாம், ஜூனில் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை? ஒவ்வொரு தடவையும் தனக்கு அக்காவாக வர முடியுமா. கேட்டாரே, இவ்வளவு நேரம் கேட்டாரே, கேட்டதெல்லாம் அவளைத்தானே, அப்படியென்றால் அவளைத்தான் கேட்டோம் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா. போய்விடு என்று ஒரு மனசு சொன்னது, நல்ல புத்தியுள்ள மனசு. அவள் போகவில்லை.

நான்தான் டாக்டர், செண்பகவல்லி என்றாள்.

அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை, கண் மட்டும் இறங்கிற்று. மடியிலிருந்த கையைப் பார்த்தது, முழங்காலைப் பார்த்தது, காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தது. அவளுக்குப் பழக்கமான பார்வைதான், சற்றுமுன்வரை அந்தக் கண்ணில் இல்லாத பார்வை. நீட்டிய சீட்டு மெல்லப் பின்னால் போய் அவர் உள்ளங்கைக்குக் கீழே படுத்துக்கொண்டது. கூட யாரும் வரலையாம்மா என்றார். குரல்கூட மாறிவிட்டது, இனிப்பாகிவிட்டது, கரெஸ்பாண்டென்டின் குரல். சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை, சொன்ன ஆளும் மாறவில்லை, உட்கார்ந்திருக்கிற நாற்காலிகூட அதேதான்.

“வந்திருக்காரு. கீழ போன் பேசிட்டு இருக்காரு, கூப்பிடலாம். அதுக்கு முன்னாடி நீங்க எழுதினதை அடிக்கணும்னா அடிச்சிருங்க டாக்டர். ஆனா ஏன் அடிச்சோம்னு பக்கத்துல எழுதிக் குடுங்க. பிள்ளைங்க தாள்ல நான் சும்மா அடிக்க மாட்டேன், எந்த வரி தப்புன்னு எழுதித்தான் குடுப்பேன். நான் சொன்னதுல எந்த வரி தப்பு?”

குரல் உயரவில்லை. உயராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், பேனாவை அதன்மேல் கொண்டுபோனார், பேனா அங்கேயே நின்றது. நெற்றியில் வேர்த்திருந்தது பையனுக்கு. கேள்வித்தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. கதவு திறந்தது. குருநாதன் படி ஏறிவந்த மூச்சிரைப்போடு நின்றார். இருக்கச் சொல்லுன்னு சொன்னேன்ல என்று அவளிடமும், சார், இவ என்ன சொல்லியிருந்தாலும் கொஞ்சம் நான் சொல்றதையும் கேட்டுக்கோங்க என்று டாக்டரிடமும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடி வந்த அன்றைக்கு இருந்த அதே பயம், அன்றிலிருந்து அது அவரை விட்டுப் போகவே இல்லை, அதற்குத்தான் யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் மன்னித்துவிட முடியுமா என்ன, தினமும் பக்கத்தில் நின்று பார்த்தாரே.

“நாளையிலருந்து காபி நான் போடுறேன்,” என்றாள் செண்பகவல்லி. “உங்களுக்கும் சேத்து.”

கதவைப் பிடித்திருந்த குருநாதனின் கை அப்படியே நின்றது. டாக்டர் அவரைப் பார்த்தார், நிதானமாகப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் எதுவும் அடிபட்டிருக்கவில்லை. சார், நீங்க உக்காருங்க, எத்தனை மாசமா இப்படிக் கலக்குறீங்க என்று கேட்டார். குருநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.